காற்றின் ஒளியா, கைவியர்வையின் ஒளியா? அதிர்ச்சிக் குழாயில் முதல் அளவீடு

காட்பாடி ரயில் நிலையத்தில் ஆட்டோவில் ஏறி, "கதிர்வீச்சு அளக்கிற வேலை" என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுநரின் குரல் தணிந்துவிடும். "வீட்டில் யாருக்கு சார் உடம்பு சரியில்லை?" என்பார். நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்கும் ஊர் இது. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. என்னிடம் புதிதாக வரும் மாணவர்களின் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். எனவே முதலில் அதைத் தீர்த்துவிடுவோம். நாம் அளக்கப்போவது வெறும் ஒளி. கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதற்கு அப்பாலுள்ள புற ஊதா, அகச்சிவப்பு, அவ்வளவுதான். அணுக்கருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சூடான காற்று மினுங்குகிறது. எவ்வளவு மினுங்குகிறது, எந்த நிறத்தில், எத்தனை நேரம் என்று கேட்கிறோம்.

எவ்வளவு சூடு? நம் ஊர் மே மாத வெயில் 42 டிகிரி என்றால் 315 கெல்வின். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,770 கெல்வின். வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதிர்ச்சி அலைக்கு (ஒலியை முந்திப் பாயும் அழுத்த அலைக்கு) பின்னால், காற்று அமைதியடைந்த பிறகும் சுமார் 10,000 கெல்வினில் இருக்கும். நிலவிலிருந்து திரும்பும் கலம் வளிமண்டலத்தில் நுழையும்போது அதன் மூக்குக்கு முன்னால் நிற்பது இதுபோன்ற காற்றுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2007 ஜனவரியில் ஏவப்பட்டு, 12 நாள் கழித்து வங்கக் கடலில் இறங்கிய நம் மீட்புக் கலம் பூமியைச் சுற்றும் பாதையிலிருந்து வந்தது. அந்த வேகத்தில் காற்று உரசித் தரும் வெப்பமே பெரிது, ஒளி தரும் வெப்பம் சிறிது. வேகம் கூடக் கூட இந்தக் கணக்கு புரண்டுவிடும். உரசும் வெப்பம் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் வளரும். ஒளியின் வெப்பமோ எட்டாம் அடுக்கிலும் அதற்கு மேலும் வளரும். 1965 மே மாதம் அமெரிக்கா 'ஃபயர் 2' என்ற கலத்தை வினாடிக்கு 11.35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் செலுத்திப் பார்த்தது இதை அளப்பதற்காகத்தான்.

கலத்தை ஏவ நம்மால் முடியாது. குழாய்க்குள் அந்தக் காற்றை ஒரு கணம் உண்டாக்கிப் பார்க்கலாம்.

முதலில் மனக்கணக்கு

கருவியைத் தொடுமுன் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள எளிய சூத்திரத்தை வைத்து, காற்றின் தன்வெப்ப விகிதம் (மாறா அழுத்தத்திலும் மாறாப் பருமனிலும் உள்ள தன்வெப்பங்களின் விகிதம்) 1.4 என்று கொண்டால், 10 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 48,000 கெல்வின் வரும். உண்மையில் முடிவாக நிற்பது 10,000. மிச்சம் எங்கே போயிற்று?

முதல் தேதி சம்பளம் போலத்தான். கைக்கு வரும்போது முழுதாகத்தான் வருகிறது. அலை கடந்த அந்தக் கணத்தில் மூலக்கூறுகளின் ஓட்ட வேகத்தில் முழு ஆற்றலும் இருக்கிறது. பிறகு வீட்டு வாடகை, மளிகைக் கடன், பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொருவராகக் கதவைத் தட்டுகிறார்கள். மூலக்கூறின் அதிர்வு கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் இரண்டாக உடைய ஒரு பங்கு, அதைவிடக் கெட்டியான நைட்ரஜன் உடையப் பெரும் பங்கு, எலெக்ட்ரான்கள் பிய்ந்து வர மேலும் ஒரு பங்கு. கணக்கெல்லாம் தீர்ந்தபின் கையில் மிஞ்சுவதுதான் அந்தப் பத்தாயிரம்.

அளப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: பல நிறங்களில் ஒளி உச்சத்தைத் தொடுவது கணக்குத் தீரும் முன்புதான். அலைக்கு ஒட்டிப் பின்னால் ஒரு கூர்மையான மேடு, அதன்பின் இறங்கிச் சமமாக ஓடும் தளம். மேட்டையும் தளத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தவரின் எண்ணை நான் வாங்கமாட்டேன். 13 பாஸ்கல் அழுத்தத்தில் அந்த மேட்டின் அகலம் ஓரிரு சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் அகலம் ஏறத்தாழ இரு மடங்காகும், ஏனெனில் மோதல்கள் குறைகின்றன.

குழாயும் வேகமும்

அதிர்ச்சிக் குழாய் பழைய கருவி. 1899-இலேயே பிரான்சில் போல் வியேல் செய்துவிட்டார். ஒரு பக்கம் உயர் அழுத்த வாயு, மறுபக்கம் கிட்டத்தட்ட வெற்றிடமாக்கி அளந்து நிரப்பிய காற்று, நடுவில் ஒரு தகடு. தகடு கிழிந்ததும் அலை ஓடும். வேலூரைப் பற்றி நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று கேலி பேசுவார்கள். அந்தப் பட்டியலில் காற்றில்லாக் குழாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.பி.ஜே. ரெட்டி உருவாக்கிய, கையால் தள்ளியே இயக்கக்கூடிய சிறு குழாய் ஒன்று உண்டு. ரெட்டி குழாய் என்றே பெயர். அலை என்றால் என்ன, அழுத்த உணரியின் வரைகோடு எப்படித் துள்ளும் என்று கற்க இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஆனால் அதில் காற்று ஒளிராது.

அறை வெப்பத்திலுள்ள ஹீலியத்தைத் தள்ளும் வாயுவாக வைத்தால், எவ்வளவு அழுத்தம் ஏற்றினாலும் காற்றில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 3.6 கிலோமீட்டரைத் தாண்டாது. இது பணத்தாலோ கெட்டியான இரும்பாலோ தீராத எல்லை. ஹீலியத்தின் ஒலி வேகம் போட்ட வேலி. தாண்ட வேண்டுமானால் ஹீலியத்தைச் சூடாக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ரே ஸ்டாக்கர் வழியில் கனமான பிஸ்டனை ஓடவிட்டு அமுக்கலாம், அல்லது நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் செய்வதுபோல மின்வில்லைப் பாய்ச்சலாம். இவ்விரண்டும் தனியாளாகச் செய்யும் வேலைகள் அல்ல. நடக்கும் ஆய்வகத்தில் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகம் தரும் குழாய் கைக்குக் கிடைத்தால் அதை இளப்பமாக நினைக்க வேண்டாம். கீழே சொல்லும் துப்பறியும் வேலை முழுவதையும் அதிலேயே பழகிவிடலாம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீறுவதற்கு அல்ல. குழாயின் நுனிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. காதடைப்பான் கட்டாயம். மூடிய அறையில் ஹீலியம் கசிந்தால் வாசனை வராது, மயக்கம்தான் வரும். சன்னலும் விசிறியும் வேண்டும். தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யாத குழாயில் வாயு ஏற்றாதீர்கள், செய்தவர் எவ்வளவு கைதேர்ந்த லேத்காரராக இருந்தாலும் சரி.

துடைப்பதும் கசிவு பார்ப்பதும்

இந்த வேலையில் பாதி துடைப்பது. மென்மையான, நூல் விடாத துணி, தூய ஆல்கஹால், கையுறை. கையுறையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மே மாதம். அறையில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. அவசரத்தில் வெறுங்கையால் உள்சுவரைத் தொட்டு, கசிவை அடைக்கும் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தினேன். அன்று வந்த நிறமாலையில் 589 நானோமீட்டரில் ஒரு மஞ்சள் கோடு தீப்பந்தம் போல நின்றது. மாலை வரை மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, அது சோடியம். காற்றில் ஏது சோடியம்? என் கைவியர்வையின் உப்பு. அன்று நான் அளந்தது காற்றை அல்ல, என்னை.

துடைத்தபின் வெற்றிடப் பம்பை ஓடவிட்டு, முடிந்தால் இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் வால்வை மூடி அழுத்தம் ஏறுவதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 0.1 பாஸ்கல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை 13 பாஸ்கலுக்கு நிரப்பித் தகடு கிழியும் வரை நான்கு நிமிடம் ஆனால், 0.4 பாஸ்கல் வேண்டாத விருந்தாளி. நூற்றுக்கு மூன்று பங்கு.

"கசிவதும் காற்றுதானே, காற்றில் காற்று கலந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. ஏறுவது பெரும்பாலும் காற்று அல்ல என்பதுதான் பதில். சுவரில் ஒட்டியிருந்த ஈரம் மெல்ல விடுபடுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நேரத்துக்கு எதிராக அழுத்தத்தை வரையுங்கள். உண்மையான கசிவு நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும். சுவர் விடும் ஈரம் முதலில் வேகமாக ஏறி, பிறகு வளைந்து சோம்பும். நேர்கோடானால் வளையத்தையும் இணைப்பையும் தேடுங்கள். வளைகோடானால் பம்பை இன்னும் ஓடவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழாயைத் திறந்தால் இந்த வளைகோட்டை மூன்று மடங்கு பொறுமையோடு எதிர்கொள்ள வேண்டும். திறக்கும்போதெல்லாம் அறைக் காற்றுக்குப் பதில் உலர் நைட்ரஜனை உள்ளே விடுவது என் வழக்கம்.

நிரப்புவதற்கும் அறைக் காற்று வேண்டாம். ஆக்சிஜனும் நைட்ரஜனும் அளந்து கலந்த உலர் காற்று சிலிண்டரில் கிடைக்கும். அழுத்தத்தை அளக்க, வாயுவுக்கு வாயு அளவு மாறாத மின்தேக்கி வகை அளவியே வேண்டும். சூடான கம்பியை நம்பும் மலிவான அளவி ஆர்கானுக்கு ஒன்று சொல்லும், காற்றுக்கு ஒன்று சொல்லும்.

வேகம்

குழாயின் நெடுகிலும் குறைந்தது நான்கு பீசோ அழுத்த உணரிகள் (அழுத்தம் பட்டதும் மின்துடிப்பு தருபவை) வையுங்கள், அவற்றில் ஒன்றாவது ஒளிச் சன்னலுக்கு மிக அருகில் இருக்கட்டும். அரை மீட்டர் இடைவெளியை 10 கிலோமீட்டர் வேக அலை 50 மைக்ரோவினாடியில் கடக்கும். நேரத்தில் ஒரு மைக்ரோவினாடி பிழை என்றால் வேகத்தில் 2 விழுக்காடு. ஒளி எட்டாம் அடுக்கில் வளரும் என்றோமே, அந்த 2 விழுக்காடு ஒளியில் 17 விழுக்காடாக வந்து நிற்கும். அதனால்தான் முதலில் வேகம், பிறகு ஒளி என்று பிடிவாதம் பிடிக்கிறேன். அலை போகப் போகத் தளர்வதும் உண்டு. சராசரி வேகத்தை எழுதி வைத்துவிட்டுப் போகாமல், சன்னலின் இடத்தில் வேகம் என்ன என்று கோடு இழுத்துப் படியுங்கள்.

சன்னல், நிறமாலைமானி, கேமரா

சாதாரணக் கண்ணாடி புற ஊதாவைத் தின்றுவிடும். குவார்ட்ஸ் சன்னல் இருந்தால் 200 நானோமீட்டர் வரை நிம்மதி. அதற்கும் கீழே போனால் ஆக்சிஜனே ஒளியை விழுங்கத் தொடங்கும். அங்கே மக்னீசியம் ஃபுளூரைடு சன்னலும், ஒளிப்பாதை முழுவதும் வெற்றிடமும் வேண்டும். உயர் வேகத்தில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் மிக வலுவான கோடுகள் அங்கேதான் இருக்கின்றன என்பது உண்மை. புதிதாக வருபவர் அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

நிறமாலைமானியின் பிளவை, அதாவது ஒளி நுழையும் குறுகிய இடுக்கை, எப்படி நிறுத்துவது? குழாயின் நீளவாக்கில் நிறுத்துங்கள். அப்போது கேமராவில் விழும் படத்தின் ஒரு திசை நிறம், மற்றொரு திசை தூரம். ஒரே படத்தில் மேடும் தளமும் அருகருகே தெரியும்.

திறப்பு நேரத்துக்கு நினைவில் வைக்க எளிய வாய்ப்பாடு: வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பதும் மைக்ரோவினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதும் ஒன்றே. பத்துக் கிலோமீட்டர் அலை ஒரு மைக்ரோவினாடியில் 10 மில்லிமீட்டர் ஓடிவிடும். கேமரா ஒரு மைக்ரோவினாடி திறந்திருந்தால் அந்த ஓரிரு சென்டிமீட்டர் மேடு இழுபட்டுக் கலங்கிப் போகும். ஒரு மில்லிமீட்டர் தெளிவு வேண்டுமானால் 100 நானோவினாடிதான் உங்களுக்கு உரிமை. இதற்காகவே ஒளிப்பெருக்கியோடு கூடிய கேமரா தேவைப்படுகிறது. அது இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 1950-களில் ஆவ்கோ எவரெட் ஆய்வகத்தில் கெக், கேம், கிவெல் முதலியோர் சூடான காற்றின் ஒளியை அளந்தது ஒளியுணர் குழாய்களையும் நிற வடிகட்டிகளையும் வைத்துத்தான். ஒரு நிறம், ஒரு குழாய், ஓர் ஆஸிலோஸ்கோப். அந்த முறை இன்றும் செல்லும்.

குழாய் ஐந்து மீட்டர் இருக்கிறது, நிறைய நேரம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சுவரை ஒட்டிய மெல்லிய படலம் சூடான காற்றைத் திருடிப் பின்னால் அனுப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தம் குறையக் குறையத் திருட்டு கூடும். கடைசியில் கையில் இருப்பது சில மைக்ரோவினாடிகள். அதற்குப் பின் வருவது ஹீலியமும் தகட்டுத் தூளும்.

அளவுத்திருத்தம்

நிறத்தைத் திருத்தப் பாதரச விளக்கு போதும்: 404.7, 435.8, 546.1 நானோமீட்டர். பழைய ட்யூப்லைட்டிலும் இந்தக் கோடுகள் உண்டு. வீட்டிலேயே ஒரு குறுந்தகட்டின் துண்டை வைத்துப் பழகலாம்.

எவ்வளவு பிரகாசம் என்பதைத் திருத்துவதுதான் கடினம். சான்றிதழோடு வரும் டங்ஸ்டன் விளக்கு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அகச்சிவப்புக்கும், டியூட்டீரியம் விளக்கு புற ஊதாவுக்கும். விளக்கைக் குழாயின் நடுக்கோட்டில், காற்று ஒளிரப்போகும் அதே இடத்தில் வையுங்கள். அதே சன்னல், அதே ஆடிகள், அதே பிளவு. சுட்டபின் (தகட்டைக் கிழித்து அலையை ஓடவிடுவதைத்தான் சுடுதல் என்கிறோம்) மறுபடியும் ஒருமுறை திருத்துங்கள். ஒரே சுடுதலில் சன்னல் மங்கிவிடுவது சகஜம். முன்னும் பின்னும் எடுத்த எண்கள் 10 விழுக்காடு விலகினால், அன்றைய அளவீட்டை 3 விழுக்காடு துல்லியம் என்று எழுத உங்களுக்கு வாய் வரக் கூடாது.

சுடும் வரிசை

ஆசை காற்றை நோக்கித்தான் இழுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஆர்கான். வெல்டிங் வாயு விற்கும் கடைக்காரர்களிடமே கிடைக்கும், நல்ல தூய்மை கேட்டு வாங்குங்கள். ஆர்கான் தனி அணு. உடைவதற்கு ஒன்றுமில்லை, மூலக்கூறுகள் தரும் பட்டைகளுக்கும் (நெருங்கிய பல கோடுகள் சேர்ந்த அகலமான ஒளிக்கும்) வழியில்லை. எனவே ஆர்கான் சுடுதலில் ஏதாவது பட்டை தெரிந்தால் அது உங்கள் குழாயின் அழுக்கு. அதைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள். 306 முதல் 309 வரை மேடு இருந்தால் ஹைட்ராக்சில், அதாவது ஈரம். 656.3 இருந்தால் ஹைட்ரஜன், அதுவும் ஈரமோ எண்ணெயோ. 394.4, 396.2 என்ற இரட்டை அலுமினியம், உங்கள் தகடு. 393.4, 396.8 கால்சியம், தூசி. 589 யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது தூய நைட்ரஜன். மூன்றாவதுதான் காற்று.

காற்றில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, கொஞ்சம் நிற்போம். எலெக்ட்ரான் ஒன்றை இழந்த நைட்ரஜன் மூலக்கூறு 391.4 நானோமீட்டரில் அழகான ஊதாப் பட்டை தரும். உயர் வேகக் காற்றின் அடையாள அட்டை அது. அதன் பக்கத்தில் 388.3-இல் இன்னொரு முனை (பட்டை தொடங்கும் கூர்மையான ஓரம்) தெரியும். அது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோஜன் என்று அனுபவசாலிகள் உடனே சொல்லிவிடுவார்கள். கார்பன் எங்கிருந்து வந்தது என்றால் பம்பின் எண்ணெய், வளையத்தில் தடவிய கிரீஸ், அறைக் காற்றின் கரியமில வாயு. ஆனால் அந்த நைட்ரஜன் அயனிக்கே 388.4-இல் இன்னொரு முனை இருக்கிறது! பத்தில் ஒரு நானோமீட்டர் வித்தியாசம். இருவரும் ஒரே திசையில், குட்டை அலைநீளத்தை நோக்கிச் சரிகிறார்கள். அந்த இடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் தோற்பார்.

எனவே இருவரும் பிரிந்து நிற்கும் இடத்துக்குப் போங்கள். அயனி 427.8-இலும் தெரிய வேண்டும். சயனோஜன் என்றால் 421.6-இல் முனை இருக்க வேண்டும். 427.8 மட்டும் இருந்தால் காற்று சுத்தம். 421.6-உம் எழுந்து நின்றால் குழாயைக் கழற்றுங்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு வாரம் 388-ஐ எண்ணெயின் தலையில் கட்டி, பம்பையே மாற்றச் சொல்லிச் சண்டை போட்டபின் தெரிந்துகொண்டேன். பம்பின் மேல் தப்பில்லை.

மற்றவை எளிது. 200 முதல் 280 வரை நைட்ரிக் ஆக்சைடு, 337.1-இல் நைட்ரஜன் மூலக்கூறு, சிவப்புப் பக்கம் 777-இல் நெருங்கிய மூன்று கோடுகளாக ஆக்சிஜன் அணு, 746.8-இல் நைட்ரஜன் அணு. இந்தக் கோடுகளை மனத்தில் பதிக்க நல்ல இடம் ஜவ்வாது மலை. காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் அந்த மலையில் வானம் கருப்பாக இருக்கும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் வினாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கேமரா முன் ஒரு ஒளிப்பிரிப்புத் தகட்டைப் பொருத்தி, பிரகாசமான ஒன்று சிக்கினால், 589-உம் 777-உம் ஒரே கீற்றில் தெரியலாம். சோடியம் கல்லுடையது. 777 நம் காற்றுடையது. குழாய்க்குள் செய்யும் அதே பாகப்பிரிவினைதான்.

எண்ணை நம்பும் முன்

10,000 கெல்வின் என்று முடிவு கட்டினீர்களானால், அந்த வெப்பத்துக்குரிய கரும்பொருள் கோட்டை (அந்த வெப்பத்தில் ஒவ்வொரு நிறத்திலும் வரக்கூடிய அதிகபட்ச ஒளியை) உங்கள் நிறமாலையின் மேல் வரையுங்கள். சமநிலைத் தளத்தில் எந்த நிறமும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அளவுத்திருத்தம் தவறு அல்லது வெப்பநிலை தவறு, இயற்கை தவறு செய்யாது. 777 போன்ற வலுவான கோடு அந்தக் கூரையை முட்டித் தட்டையாக நின்றால், அது தன் ஒளியைத் தானே விழுங்குகிறது. அதை வைத்து அணுக்களை எண்ணாதீர்கள், மெலிந்த கோடு ஒன்றைத் தேடுங்கள்.

ஒரே நிலையில் குறைந்தது மூன்று முறை சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நிரப்பிய அழுத்தம், கசிவு வேகம், நிரப்பியதற்கும் சுட்டதற்கும் இடையே ஆன நிமிடங்கள், சன்னலருகே வேகம், திறப்பு நேரம், அறையின் ஈரப்பதம் ஆகியவற்றை எழுதுங்கள். கிழிந்த தகட்டை வெளியே எடுத்து எண் எழுதி வையுங்கள். குறுக்காகக் கீறிய தகடு நான்கு இதழாக விரிந்திருக்கும், எண்ணிப் பாருங்கள். மூன்றுதான் இருந்தால் நான்காவது குழாய்க்குள் எங்கோ கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுக்கும் வரை அடுத்த தகட்டை மாட்டாதீர்கள்.